முப்பத்தாறு பைகள்

"போகட்டுமா, வஜிஹா?"

"உங்க இஷ்டம்."

"என் இஷ்டம் இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

"நான் என்னத்த சொல்றது? நீங்க யோசிக்காம எதுவும் செய்ய மாட்டீங்க."

மூன்று மாதத்துக்கு முன், குருபரப்பள்ளியில் பஸ் டீக்காக நின்றபோது நடந்த பேச்சு இது. ஜமீர் அகமது கீழே நின்று, ஜன்னல் வழியாக மனைவிக்கு டீ கிளாஸை நீட்டியபடி கேட்டான். அவள் மடியில் கிடந்த அதியா, ஏழு வயது மகள், ஜன்னல் கம்பிக்குள் காலை நுழைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். அவன் கிளாஸைத் திருப்பிக் கொடுக்க ஓடினான். அவ்வளவுதான். ஓசூர் வந்து சேரும்வரை இருவரும் அந்த வருஷத்து மாம்பழ விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து வஜிஹாவுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துணி மடிக்க ஆரம்பித்துப் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்ப்பாள். அடுப்பைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று நிற்பாள். போகாதீங்க. ஒரே ஒரு வார்த்தை. அரிசி களையும்போது சொல்லிப் பார்த்தால் வாயில் அழகாக வந்தது. ஜமீரின் சைக்கிள் சத்தம் வாசலில் கேட்டதும் எங்கோ ஓடிவிட்டது.

அவன் சொந்த வீட்டு ஆசையில்தான் சவூதிக்கு, தம்மாமுக்குப் போகிறான். மூன்று வருஷ ஒப்பந்தம். அவன் அக்கா காத்தூனின் கணவர் நசருல்லா அலைந்து திரிந்து வாங்கிய விசா. இப்போது தடுத்தால் நின்றுவிடுவான், அது அவளுக்குத் தெரியும். பிறகு என்றைக்காவது ஒருநாள் திம்மப்பனின் இந்த வாடகை வீட்டுச் சுவரில் ஒழுகும் ஈரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவானே, அந்தப் பெருமூச்சுக்குத்தான் பயந்தாள்.

இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பெங்களூரில் ரயில் ஏறி பம்பாய், அங்கிருந்து விமானம்.

போகும் மனிதன் வீட்டுக்கு என்ன வைத்துவிட்டுப் போவான்? ஜமீர் புதிர்களை வைத்துவிட்டுப் போவதாக இருந்தான்.

அதற்குக் காரணம் அதியாவின் கணக்கு. இரண்டாம் வகுப்பில் அவளை ஐந்து நிமிஷம் உட்கார வைக்க முடியவில்லை. எண்கள் அவளுக்கு நாலு பெயரோடு வந்தன. வீட்டில் மூணு, தெலுங்கு பேசும் திம்மப்பனின் பேத்திகளோடு நொண்டி ஆடும்போது மூடு, எதிர்வீட்டுக் கன்னடப் பையன்களிடம் மூரு, பள்ளிக்கூடத்தில் த்ரீ. கரும்பலகையில் 3 என்று எழுதி "இது என்ன?" என்று பூவம்மாள் டீச்சர் கேட்டால், "எந்த மூணு டீச்சர்?" என்று கேட்பாளாம். வகுப்பே சிரிக்குமாம். இப்படியே போனால் மறுபடி ஒண்ணாம் வகுப்பில்தான் உட்கார வைப்பேன் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வேலூரில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள் வஜிஹா. பெற்ற மகளுக்கு நாலும் மூணும் ஏழு என்று புரியவைக்க முடியவில்லை. சிலேட்டைப் பார்த்தாலே அதியா கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். புளியங்கொட்டையைக் கொடுத்தால் வாசலில் போகிற கோழி மேல் எறிவாள். கடைசியில்தான் வஜிஹாவுக்கு இந்த யோசனை வந்தது. காலண்டர் அட்டையைப் பத்துத் துண்டாக வெட்டி, ஒரு துண்டின் வால் பக்கம் 4+3 என்று எழுதினாள், இன்னொன்றின் தலைப் பக்கம் 7 என்று. கணக்கும் விடையும் சேரச் சேர ஒரு ரயில் உருவாகும். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். விடை தெரியாமல் ரயில் ஓடாது.

அட்டை ரயில் இரண்டு நாளில் கிழிந்தது.

"இவ கைக்கு அட்டை தாங்காது. தகடா கொண்டாறேன்," என்றான் ஜமீர். கம்பெனியின் டூல் ரூமில் அவனுக்கு ஃபிட்டர் வேலை. கழித்துப் போட்ட அலுமினியத் தகட்டை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, வெட்டி, ஓரம் ராவிக் கொண்டுவந்தான். வஜிஹா கறுப்புப் பெயிண்டில் கணக்கு எழுதினாள். எழுதியது காய்ந்ததும் அவனே அடுக்கிப் பார்த்து, வாசற்படியில் குப்புறக் கவிழ்த்து டக் டக்கென்று ஏதோ தட்டி, அவள் தைத்த துணிப்பையில் போடுவான். ஓரத்தைச் சரி செய்கிறான் என்று நினைத்திருந்தாள்.

அதியா தகட்டு ரயிலை மூன்று நிமிஷத்தில் ஓட்டினாள். அடுத்து செய்த மாம்பழப் புதிரை நாலு நிமிஷத்தில் சேர்த்தாள். கடிகாரப் புதிரை அதைவிடச் சீக்கிரம். ஜமீருக்குத் தலைகால் புரியவில்லை.

"மூணு வருஷத்துக்கு முப்பத்தாறு செஞ்சு வெச்சிடறேன். ஒண்ணாந்தேதி ஆனா ஒரு பைய எடுத்துக் குடு. அத்தா அனுப்பிச்சதுன்னு சொல்லு."

வஜிஹா முப்பத்தாறு பைகள் தைத்தாள். இருபத்துநாலு நிரம்பிவிட்டன. மூன்றாம் வருஷத்துப் பைகளுக்கு வகுத்தல் கணக்கு எழுத வேண்டியிருந்தது. அப்போது அதியாவுக்குப் பத்து வயது ஆகியிருக்கும் என்று நினைத்ததும் தூரிகை வழுக்கி, ஒரு எட்டு கோணலாகப் போனது.

அன்று காலை காத்தூன் காவேரிப்பட்டினத்திலிருந்து மூன்று ஜாடி ஊறுகாயோடு வந்து இறங்கினாள். வஜிஹா மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். சடை மூன்றாவது முறையாக அவிழ்ந்தது.

"ஏம்மா, மூஞ்சிய இப்பிடி வெச்சிருந்தா என் தம்பி எப்பிடிக் கெளம்புவான்? எங்க வீட்டுக்காரரு போனப்ப நான் சிரிச்சிக்கிட்டே அனுப்புல?"

"நீங்க பஸ் ஸ்டாண்டுல உருண்டு அழுதீங்கன்னு அவரு சொன்னாரே அக்கா."

"அது பஸ்ஸு போனதுக்கு அப்புறம்," என்றாள் காத்தூன் அசராமல். "அதியா கண்ணு, அத்தா ஒனக்கு என்ன கொண்டாரணும்?"

"தகடு," என்றாள் அதியா.

தகட்டு ரயிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வஜிஹா மகளோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். டீச்சரிடம் காட்டிவிட்டால் ஒரு கவலையாவது தீரும்.

மணி அடிப்பதற்கு முன்பே பூவம்மாள் டீச்சர் ரயிலை மேஜையில் பரப்பினாள். "நல்லா செஞ்சிருக்கீங்களேம்மா," என்று ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தாள். அதில் 4+3 என்றிருந்தது. "அதியா, இதுக்கு அடுத்த பெட்டி எது?"

அதியா கையை நீட்டினாள்.

"கை வைக்காம. பாத்துச் சொல்லு."

அதியாவின் பார்வை ஜன்னலுக்குப் போனது, விட்டத்துக்குப் போனது, அம்மாவின் செருப்புக்கு வந்தது. ஒரு கால் இன்னொரு காலைத் தேய்த்தது.

"ஒன்பது?" என்றாள். பிறகு, "ரெண்டு?"

டீச்சர் கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றையும் திருப்பினாள். அவள் சிரித்ததில் கேலி இல்லை. அதனாலேயே வஜிஹாவுக்கு அதிகமாக வலித்தது.

"பின்னால இருக்குதே விடை. பாத்தீங்களா?"

ஒரு துண்டின் வால் பக்கம் ஐந்து சின்னக் குழிகள். அதோடு சேரவேண்டிய துண்டின் தலைப் பக்கமும் ஐந்து. ரயில் முழுக்க அப்படி. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு.

"திங்கக்கெழம வரைக்கும் பாக்கறேன்மா. அப்புறம் என் மேல வருத்தப்படாதீங்க."

மாலை நாலு மணிக்கு ஜமீர் முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது, இருபத்துநாலு பைகளும் காலியாகக் கிடந்தன. தரை முழுவதும் தகடுகள் குப்புற மின்னின. காத்தூன் திம்மப்பன் வீட்டில் கதை பேசப் போயிருந்தாள்.

"என்ன, கடை பரப்பிட்ட?"

"இது என்னங்க புள்ளி?"

"பஞ்ச் மார்க்கு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஒரு மெஷின பிரிச்சா எது எதோட சேரும்னு திரும்பத் தெரியணும்ல? மொத ஜாயிண்டுக்கு ஒரு குத்து, ரெண்டாவதுக்கு ரெண்டு. முப்பத்தாறு செட்டு ஆகப்போகுது. நான் இல்லாதப்ப கலந்துபோச்சுன்னா நீ ஒண்டியா உக்காந்து முழிப்ப. அதுக்குத்தான்."

"கணக்கப் போட்டுச் சேக்கணும்னுதானே இத்தனையும்? அவ ஒரு கணக்குகூடப் போடல. அடியில வெரல வெச்சுத் தடவித் தடவிச் சேத்திருக்கறா. இன்னிக்கு டீச்சர் முன்னால..."

ஜமீர் சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். எட்டு வருஷமாகக் கை செய்து பழகிய வேலை. இணைகிற இரண்டு துண்டு எதிரில் இருந்தால் குத்தாமல் அவனால் பைக்குள் போட முடியாது. தப்பு என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. முகத்தைத் துடைத்தான். பிறகு, சிரிக்கக் கூடாது என்று பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டான்.

"திருட்டுக் கழுத! மூணு நிமிஷத்துல ஓட்டுனாளே!"

"சிரிக்காதீங்க," என்று சொன்ன வஜிஹாவுக்கும் உதடு நிற்கவில்லை. சிரிப்பு வந்த வழியிலேயே கண்ணீரும் வந்தது.

தன்னைத்தான் பேசுகிறார்கள் என்று அதியாவுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். அடி விழாது என்று உறுதியானதும் தவழ்ந்து வந்து அத்தாவின் தொடை மேல் ஏறினாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"எங்க, வெரல வெச்சுச் சொல்லு," என்று ஒரு தகட்டை அவள் கைக்கு அடியில் கொடுத்தான் ஜமீர். "இந்த ஓரத்துல எத்தன?"

"ஏழு."

"எண்ணுனியா?"

"எண்ணல. ஏழு."

வேறொன்று கொடுத்தான். "அஞ்சு." இன்னொன்று. "எட்டு... இல்ல, ஒம்பது." திருப்பிப் பார்த்தான். ஒன்பதுதான்.

வஜிஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள். அதியாவின் ஆடுகிற கால் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். கேட்பதற்கே பயமாக இருந்தது. ஏழு குழித் தகட்டை மகளின் கையில் வைத்தாள்.

"ஏழுல நாலு போனா, கண்ணு?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அதியா எழுந்து ஓடுவாள். இன்று ஓடவில்லை. பெருவிரலை வைத்து நாலு குழியை மூடினாள். மிச்சத்தைச் சுட்டுவிரலால் தடவினாள்.

"மூணு."

"எந்த மூணு?" என்றாள் வஜிஹா.

"இந்த மூணு," என்று அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்து அந்தக் குழிகளின் மேல் அழுத்தினாள் அதியா.

மூணு, மூடு, மூரு, த்ரீ எல்லாம் அந்த மூன்று குழிக்குள் அடங்கியிருந்தது. வேலூரில் மூன்று வருஷம் படித்தவளுக்குத் தோன்றாதது, ஒருவன் கைப்பழக்கத்தில் குத்திய குத்தில் கிடைத்திருக்கிறது.

ஜமீர்தான் முதலில் துள்ளினான். "அப்ப புள்ளிய முன்பக்கம் குத்திட்டாப் போச்சு! கணக்குக்கும் விடைக்கும் சரியா அத்தன குத்து. அவளே தடவித் தடவிப் போட்டுக்குவா. டீச்சர்கிட்ட நாளைக்கு நானே வந்து காட்டறேன். ஒம்பது நாள் இருக்குது, லீவு போட்டா முப்பத்தாறையும் முடிச்சிடுவேன்." சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கோடு போட்டான். "மொத மாசம் பத்து வரைக்கும். செரியா? ரெண்டாம் மாசம்?"

"இருபது வரைக்கும் போலாம். போவாளா, தெரியல."

"புள்ளிய எப்ப எடுக்கலாம்? கடைசி வரைக்கும் தடவிக்கிட்டே இருக்க முடியாதுல்ல? அஞ்சாம் மாசம்?"

"தெரியாதுங்க."

"ஒரு குத்துமதிப்பா சொல்லேன். ஆறு?"

"எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குக் காலைல வரைக்கும் இவ கணக்குப் போடறான்னு நெனச்சேன். மத்தியானம் இவளுக்கு ஒண்ணுமே வராதுன்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. இவளப் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் அடுத்தது என்ன செய்யணும்னு தெரியுது."

"நீ பாத்து லெட்டர்ல எழுது. நான் அங்கருந்து..." என்று ஆரம்பித்தவன், கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு மாதம் ஆகிவிடும் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். நிறுத்திவிட்டான். பென்சில் முனை தாளைத் தட்டிக்கொண்டிருந்தது.

தெருக்கோடியில் கம்பெனி பஸ் முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் புறப்பட்டது. அதியா தகடுகளை நிமிர்த்திப் போட்டு, கவிழ்த்துப் போட்டு, தனக்கென்று ஒரு ரயில் அடுக்கத் தொடங்கினாள். சுவரில் ஆணியில் தொங்கிய பன்னிரண்டு காலிப் பைகள் காற்றில் ஆடின. வஜிஹா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள். திரும்பி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"செரி, இதையாச்சும் சொல்லு," என்றான் ஜமீர் தாளைவிட்டுத் தலை நிமிராமல். "முப்பத்தாறாவது பையில என்ன போடட்டும்?"

அவள் கை நீண்டு பென்சிலைப் பிடித்துக்கொண்டது.

"குருபரப்பள்ளியில கேட்டீங்கல்ல. உங்க இஷ்டம்னு சொன்னேன்ல."

"ஆமா."

"அது பொய்."

ஜமீர் நிமிர்ந்து பார்த்தான்.

"போகாதீங்க," என்றாள் வஜிஹா.