ஆணியைத் தடவிய கை

கார்த்திகை தீபத்துக்கு முந்தின மூன்று வாரத்தில் அந்த ஒரே சிலிண்டர் திருவண்ணாமலையில் நாற்பத்தொரு லாட்ஜுகளின் சுவரில் தொங்கியது. எந்த இடத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் தொங்கவில்லை.

மாநிலத் தீப்பாதுகாப்பு முகமை என்று பலகையில் பெயர் பெரிதாகத்தான் இருக்கும். மாவட்டக் கிளை என்பது செங்கம் ரோட்டில் ஒரு வாடகை மாடி, இரண்டு அறை. ஆய்வாளர் பணியிடம் மூன்று. இருப்பது பரசுராமன் ஒருவர். அவர் தலையில் பக்கத்து மாவட்டமும் கூடுதல் பொறுப்பாக உட்கார்ந்திருந்தது. ஜீப் இரண்டு வருடமாக வாகை மரத்தடியில் நிற்கிறது. அதன் பின்சீட்டில் தெருநாய் இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது. டீசல் கேட்டு எழுதினால் ‘நிதி ஒதுக்கீடு வரப்பெற்றதும் பரிசீலிக்கப்படும்’ என்று வரும். ஆனால் தீபம் ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்காது. லட்சக்கணக்கில் ஜனம் வரும், லாட்ஜ் எல்லாம் நிரம்பும். அதற்குள் அத்தனை கட்டடத்துக்கும் சான்று கொடுத்தாக வேண்டுமென்று சென்னையிலிருந்து தினமும் போன். சான்று கொடுக்க செல்போன் ஆப்பில் ஒரு போட்டோ ஏற்ற வேண்டும், சுவரில் தீயணைப்பு சிலிண்டர் தொங்கும் போட்டோ. நாளைக்கும் அது அங்கே தொங்குமா என்று ஆப் கேட்காது. போய்க் கேட்க ஆளும் கிடையாது.

அப்படி வந்த வழக்கம்தான் இது. செய்து காட்டுவதற்கென்று ஆபீசில் இருந்த சிலிண்டரைக் கள உதவியாளர் அப்பாசாமி தன் டிவிஎஸ்ஸில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்திக்கொள்வார். லாட்ஜுக்காரர் ‘பதினைந்து நாளில் வாங்கி மாட்டிவிடுகிறேன்’ என்று ஒரு கடிதம் எழுதித் தருவார். ஆணி அடித்து, மேலே ‘தீயணைப்பான்’ என்ற ஸ்டிக்கர் ஒட்டி, சிலிண்டரை மாட்டி ஒரு போட்டோ. உடனே கழற்றி அடுத்த லாட்ஜ். அந்தப் பதினைந்து நாளுக்குப் பிறகு யாரும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

போட்டோ எடுத்தது அபிநயா.

அவள் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் களை பறித்த கையோடு காலேஜ் போனவள். வீட்டில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் சீல் வைத்த சான்றிதழ் இன்னும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. வேலை ஒப்பந்த வேலை. வருடா வருடம் மார்ச்சில் கையெழுத்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஊரில் மட்டும் அவள் ‘கவர்மென்ட்ல இருக்கா’.

இருபத்தேழாவது லாட்ஜ் கிரிவலப் பாதையை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம். இரண்டாம் மாடி நடையின் கோடியில் ஆணி அடித்தார்கள். அங்கே அறை கூட்டும் உண்ணாமலை துடைப்பத்தோடு வந்து நின்று அதிசயமாகப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து அடி அண்ணாமலை ஊர்க்காரி.

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. போட்டோல ஆள் வரக் கூடாது” என்றாள் அபிநயா.

“நான் இன்னா அவ்ளோ அசிங்கமாவா கீறேன்?” என்று சிரித்துக்கொண்டே அரை அடி நகர்ந்தாள் உண்ணாமலை. பிறகு சிலிண்டரைக் காட்டி, “இத எப்படிம்மா தெறக்கறது?” என்று கேட்டாள்.

யாரும் அதுவரை கேட்டதில்லை. இருபத்தாறு லாட்ஜில் ஒருத்தரும் கேட்கவில்லை. அபிநயாவுக்கு அது பிடித்துப்போனது. படித்த திமிரும் கொஞ்சம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுத்தாள். “இந்தப் பின்னப் புடுங்கணும். குழாய நெருப்போட அடிப்பக்கம் காட்டணும். கைப்பிடிய அமுக்கணும். அவ்ளோதான். பொகை வந்துச்சுன்னா பயந்துடாதீங்க, நேரா இங்க வந்து இத எடுங்க.”

உண்ணாமலை புடவைத் தலைப்பால் சிலிண்டரை ஒரு தடவை துடைத்தாள். யாரோ கீழே கூப்பிட, “எடுக்கறேன், எடுக்கறேன்” என்றபடி இறங்கிப் போனாள். அவள் போன பிறகுதான் அப்பாசாமி சிலிண்டரைக் கழற்றித் தோளில் வைத்தார்.

தீபம் முடிந்து பதினெட்டாம் நாள், முற்பகலில், அந்த லாட்ஜின் இரண்டாம் மாடியில் துண்டு, போர்வை அடுக்கும் அறையில் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தீப்பிடித்தது. அறைகளில் ஆள் இல்லை. படிக்கட்டு நாலடி தூரத்தில் திறந்து கிடந்தது. உண்ணாமலை படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. நடையின் கோடிக்கு ஓடினாள்.

தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையோடு வந்த படங்களில் ஏழாவது படத்தை அபிநயா ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். கரி படிந்த சுவர். நடுவில் ஆணி. மேலே ஸ்டிக்கர் பாதி உருகித் தொங்குகிறது. ஆணியைச் சுற்றிலும் கரியில் கைத்தடம். ஒன்று இல்லை, ஏழெட்டு. ஒன்றின் மேல் ஒன்று. கண் தெரியாத புகையில், ‘இங்கதான இருந்துச்சு, இங்கதான இருந்துச்சு’ என்று தடவிய கை.

அதன் பிறகு உண்ணாமலையின் குரல் அவளை விடவில்லை. பேய், பிசாசு என்று சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும், அதற்கெல்லாம் பயந்தவள் இல்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “இத எப்படிம்மா தெறக்கறது?” என்றபோது அபிநயா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். வீட்டில் அம்மா புது ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தால் அவள் வாயைத் திறப்பதற்குள் பிடுங்கித் திறந்து கொடுத்தாள். மத்தியானம் ஆபீசில் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், பட்டப்பகலில், ஃபேன் சத்தத்துக்குள் அது கேட்கும். கோபமாகக் கேட்டால்கூடத் தேவலை. அன்றைக்குக் கேட்ட மாதிரியே ஆசையாகக் கேட்டது.

சிலிண்டர் திரும்ப ஆபீசுக்கு வந்து அவள் மேஜைக்குப் பக்கத்து மூலையில் நின்றது. செங்கம் ரோட்டுப் புழுதி அதன் மேல் படியும். சாயங்காலம் அவள் தொடாமலே கிளம்புவாள். காலையில் வந்தால் புழுதியில் விரல் தடம். தினமும். நாலு விரல், ஒரு கட்டை விரல்.

“பெருக்கறவ தொட்டிருப்பா” என்றார் பரசுராமன்.

பெருக்கும் ஆள் நின்று எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பணியிடமும் ஒதுக்கீட்டுக்காகக் காத்திருந்தது.

பரசுராமன் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். ரிப்போர்ட்டை அவர் சொல்லச் சொல்ல அவள்தான் டைப் அடித்தாள். ‘உரிய பயிற்சி பெறாத பணியாளர், பதற்றத்தில் வெளியேறும் வழிக்கு எதிர்த்திசையில் ஓடியதே உயிரிழப்புக்குக் காரணம்.’

“சார், அவங்களுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

“அத எழுதுனா மாட்டுன சிலிண்டர் எங்கன்னு கேப்பான். நாப்பத்தொண்ணும் வெளிய வரும். அப்பாசாமிக்கு ரிட்டயர்மென்ட் ரெண்டு வருஷம் கீது. உனக்கு மார்ச்ல கையெழுத்து வரணும். நான் நாப்பத்தொரு லாட்ஜையும் மூடிருந்தா தீபத்துக்கு வந்த ஜனம் எங்கம்மா படுத்திருக்கும், ரோட்டுலயா? செத்தவங்களுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது?”

செத்தவளுக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆர்த்தி, ரமணாசிரமம் பக்கம் ஒரு காபி கடையில் வேலை பார்க்கிறவள். ரிப்போர்ட் போன அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“எங்கம்மா எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம செத்துச்சுன்னு எழுதிக்கீறீங்களாமே? லாட்ஜுக்காரன் காட்றான். அம்மா தப்பு, அதனால இழப்பீடு கெடையாதுன்றான்.” அழவில்லை. குரல் மட்டும் தேய்ந்தது. “துட்டு கெடக்குது, வுடுங்க. ஆனா எங்கம்மா அப்படி ஒண்ணும் தத்தி இல்லீங்க. வூட்ல வந்து எனக்குச் சொல்லிக்குடுத்துச்சு. பின்னப் புடுங்கணும், அடிப்பக்கம் காட்டணும்னு. ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு வந்து சொல்லுச்சுன்னு சொன்னுச்சு. அது யாருங்க?”

அபிநயா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “தெரியலீங்க” என்றாள்.

சொன்ன நொடியில் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது. அறையவில்லை. சம்பள நாள் ஞாபகம் வந்தது. அப்பாசாமி ஞாபகமும் வந்தது.

கண்காணிப்புப் பிரிவிலிருந்து அதிகாரி வந்தது அதற்கு அடுத்த செவ்வாய். த்ரிசலா என்று பெயர். ஐந்து மாவட்டத்துக்கு அந்த ஒரு அம்மாதான். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு நாள். போளூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார் என்பதால் ஐந்தே காலுக்கெல்லாம் டிபன் கேரியரைத் திறந்துவிடுவார்.

“நல்லதாப் போச்சு. அஞ்சே காலுக்கு அந்தம்மா சாப்பிட உக்காந்துடும், ஆறுக்கு பஸ்ஸு. அதுவரைக்கும் கோப்பக் காட்டி ஓட்டுனா போதும்” என்று பரசுராமன் முணுமுணுத்தார்.

கோப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் நாள் நாலரைக்கு த்ரிசலா உண்ணாமலையின் கோப்பை மூடப் போனார். “பயிற்சி இல்லாத ஆளுன்னு போட்டிருக்கீங்க. சரி. லாட்ஜ் மேல ஒரு நோட்டீஸ், அவ்ளோதான?”

“அவ்ளோதான் மேடம்” என்றார் பரசுராமன்.

அபிநயா பக்கத்து அறைக்கு எழுந்து போனாள். மூலையில் சிலிண்டர். இன்றைக்கும் விரல் தடம். அதன் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

“நான்தான் பாப்பா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அப்பாசாமி வாசலில் நின்றார்.

“என்னாண்ணா?”

“அந்த வெரலு. தெனம் காலைல வந்து கதவத் தொறந்ததும் தொட்டுப் பாக்கறேன். இருக்குதான்னு.” அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “அன்னிக்குக் கழட்டுனது இந்தக் கைதான? தூக்கத்துல கூட ஆணியத் தடவுது. எங்கூட்டுக்காரி, செவுத்துல இன்னாயா தேடறன்றா.”

அவள் எழுந்தாள். “அண்ணா, நான் சொல்லப்போறேன். உங்க பென்ஷன்...”

“போவட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. பொய் சொல்லக் கூடாது, பயமாத்தான் கீது.” பிறகு குனிந்து சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்தார். “நீ போட்டோவ எடுத்துக்க. இத நான் தூக்கியாறேன். எப்பவும் நான்தான தூக்கறேன்.”

த்ரிசலாவின் மேஜை மேல், கோப்புகளுக்கு நடுவில், சிலிண்டர் வந்து உட்கார்ந்தது. பரசுராமன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார்.

“மேடம், நாப்பத்தொரு போட்டோலயும் இருக்கறது இதுதான்” என்றாள் அபிநயா. “கழுத்துக்குக் கீழ இந்தச் சொட்டை இருக்கு பாருங்க. எல்லாத்துலயும் இருக்கும். நான்தான் எடுத்தேன்.”

செல்போனை நீட்டினாள். ஆப்பில் ஏற்றியது வெட்டிய படம். போனில் இருந்தது வெட்டாத படம். அதன் ஓரத்தில், அரை அடி மட்டுமே நகர்ந்த உண்ணாமலை, துடைப்பத்தோடு, சிலிண்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இவங்களுக்கு பயிற்சி இருந்துச்சு. பொகை வந்தா நேரா இங்க வான்னு நான் சொன்னேன். வந்தாங்க. பத்து நிமிஷத்துல நாங்க கழட்டிட்டுப் போனது அவங்களுக்குத் தெரியாது.”

த்ரிசலா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிலிண்டரைக் காட்டி, “இதுல மருந்தாவது இருக்குதா?” என்றார்.

அபிநயா அதை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பின்னைப் பிடுங்கினாள். குழாயைக் கீழே காட்டினாள். கைப்பிடியை அமுக்கினாள். அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை.

ஒரு மூச்சு வந்தது. யாரோ களைத்துப்போய் விட்ட மாதிரி ஒரு மூச்சு, அவ்வளவே. ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் தரையில் விழுந்தது.

“ரீஃபில் பண்ணி மூணு வருஷம் ஆவுது மேடம்” என்றார் பரசுராமன். அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. “ஏழு லெட்டர் போட்டிருக்கேன். ஃபைல்ல கீது. ஏழும் கீது.”

அபிநயா தரையில் கிடந்த தூளையே பார்த்தாள். அன்றைக்குச் சிலிண்டரைக் கழற்றாமல் விட்டிருந்தால் என்று எத்தனை நாள் நினைத்தாள்! விட்டிருந்தாலும் அந்த அம்மா பின்னைப் பிடுங்கி, அடிப்பக்கம் காட்டி, அமுக்கி, இந்த மூச்சைத்தான் கேட்டிருப்பாள்.

மணி ஐந்தே கால். டிபன் கேரியர் மேஜையிலேயே இருந்தது. த்ரிசலா அதைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தார். ஜன்னலில் மலை மேல் வெயில் தேய்ந்து, சிவந்து, போயே போனது. ஆறு மணி பஸ்ஸும் போயிருக்கும். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பரசுராமன் விளக்கைப் போட்டபோதுதான் நிமிர்ந்தார்.

“இந்தப் பகுதிய நீயே எழுது” என்று பேனாவை அபிநயாவிடம் கொடுத்தார். “உன் பேரும் போடணும். யோசிச்சுக்க.”

அபிநயா எழுதினாள். ‘இறந்தவர் சொல்லிக்கொடுத்தபடி சரியான திசையில்தான் ஓடினார். சிலிண்டர் அங்கே இல்லை. மாட்டிப் படம் எடுத்து அகற்றியவர்கள் நாங்கள்.’ கீழே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டாள். அப்பாசாமி தானாகவே வந்து, அதற்குக் கீழே தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

மார்ச் வரை கூடப் போகவில்லை. பதினோரு நாளில் அவளை வேலையிலிருந்து நிறுத்தி உத்தரவு வந்தது. அப்பாசாமிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. பரசுராமனுக்கு மாறுதல், அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. நாற்பத்தொரு லாட்ஜுக்கும் மறு ஆய்வு என்று உத்தரவு வந்திருக்கிறது, யார் போய்ச் செய்வது என்று அதில் இல்லை. தன்னை நிறுத்திய உத்தரவு வந்த அன்றே அபிநயா தான் எழுதிய அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு காபி கடைக்குப் போனாள். ஆர்த்தி படித்துவிட்டு, “அந்தப் பொண்ணு நீங்கதானா?” என்றாள். அபிநயா தலையாட்டினாள். ஆர்த்தி அவளை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

சாமான்களை எடுக்கக் கடைசியாக ஒரு காலை ஆபீசுக்குப் போனபோது அப்பாசாமி அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். சிலிண்டரைச் சாட்சியென்று சீல் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். மூலையில் வட்டமாகப் புழுதி படியாத இடம் மட்டும் இருந்தது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் நேராக அங்கே போய்க் குனிந்து கையை நீட்டினார்.

கை அங்கேயே, ஒன்றுமில்லாத இடத்தில், கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றது.