நூற்று நாற்பது சுற்று

விழுப்புரத்தில் கலீல் ரஹ்மானின் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த ஷெட்டுக்குள்ளயா அணுமின் நிலையத்து வால்வு?" என்பதுதான். வளைகுடாவில் பதினெட்டு வருஷம் எண்ணெய்க் குழாய்களோடு குடித்தனம் நடத்திவிட்டு வந்த மனிதர் அதற்குப் பதிலே சொல்ல மாட்டார். டீ சொல்லி அனுப்புவார்.

அன்று டீ குடித்தவர் அரங்கநாதன், நிலையத்திலிருந்து வந்த ஆய்வாளர். பழுது பார்த்த வால்வு ஒன்று கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு நின்றது. தலையில் மோட்டார், பக்கத்தில் கைச்சக்கரம். பொத்தானை அழுத்தினால் தண்டு மேலே ஏறி வால்வு திறக்க வேண்டும், கீழே இறங்கி மூட வேண்டும். மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் முப்பது விநாடிக்குள்.

சோதிக்க நின்றவள் பட்டறையில் வேலை பார்க்கும் திண்டிவனத்து இசைவாணி. வால்வுக்கு மட்டுமல்ல, அவளுக்கும் அன்று சோதனைதான். அடுத்த வாரம் நிலையத்தை நிறுத்திப் பராமரிக்கப் போகிறார்கள். உள்ளே போய் வால்வுகளைச் சோதிக்கும் ஆட்களின் பட்டியலை அரங்கநாதன் அன்றே அனுப்ப வேண்டும். போன வருஷம், "அடுத்த தடவ பாக்கலாம்மா" என்று அவளை விட்டுவிட்டார்கள். அந்த அடுத்த தடவைக்காக ஒரு வருஷம் தினமும் பஸ்ஸில் நின்றபடியே வந்து போயிருக்கிறாள். இந்த முறையும் பேர் இல்லையென்றால் அழுதுவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை.

முதல் காரியமாகக் கைச்சக்கரத்தைப் பிடித்து, மூடியிருந்த வால்வை நூற்று நாற்பது சுற்றுச் சுற்றிப் பாதித் திறப்புக்குக் கொண்டுவந்தாள். மின்சாரத்தைப் புதிதாக இணைத்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று செயல்முறைத் தாளில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பொத்தான். முதல் முறை இருபத்தெட்டு விநாடி. இரண்டாம் முறையும் அதே. வால்வு மூடி நின்றது. மூன்றாம் முறைக்கு விரலை நீட்டினாள், கரண்ட் போய்விட்டது.

பட்டறைக்கும் பக்கத்தில் நிலக்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உடைக்கும் ஆலைக்கும் பொதுவான மின்பெட்டியில் கேபிள் கருகியிருந்தது. எலக்ட்ரீஷியன் மண்ணாங்கட்டி வந்து, வெட்டி எறிந்து, புதுசு மாட்டி முடிப்பதற்குள் மணி மூன்று ஐம்பத்தைந்து. அரங்கநாதனுக்கு நாலரைக்கு ரயில்.

"ஜல்தி, வாணி! ஒரே தடவதான் பாக்கி," என்றார் கலீல்.

இசைவாணி பொத்தானை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தைப் பிடித்தாள்.

"இன்னாம்மா, மறுபடியும் சுத்தறியா? இப்பதான ரெண்டு தடவ சோக்கா ஓடிச்சு!"

"கேபிள மாத்தியிருக்காங்க பாய். பாதிக்குக் கொண்டாந்துட்டுதான் அழுத்தணும்."

"அதே வால்வு, அதே மோட்டாரும்மா." அரங்கநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரா அழுத்துங்க. நாலு மணிக்கு நான் கிளம்பியாவணும். டெஸ்ட் முடியலன்னா உங்க பேர எழுத முடியாது."

சுற்றி முடிக்க எட்டு நிமிஷமாவது ஆகும். அழுத்திவிட்டால்தான் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? கேட்க வேண்டியவரே அழுத்தச் சொல்கிறார்.

"மன்னிச்சுக்குங்க சார். சுத்தாம அழுத்த மாட்டேன்," என்றாள். கை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

எழுபதில் கலீல், "பேஜாரு புடிச்ச பொண்ணு" என்று தலையில் கை வைத்தார். நூற்றில் அரங்கநாதன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். நூற்று நாற்பதில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு 'திற' பொத்தானை அழுத்தினாள்.

தண்டு கீழே இறங்கியது.

அலறியடித்துக்கொண்டு 'நிறுத்து' பொத்தானை அழுத்தினாள். ஏற வேண்டியது இறங்குகிறது! மூடி நின்ற வால்வை நேராக அழுத்தியிருந்தால், மோட்டார் அதை இன்னும் கீழே நெருக்கித் தண்டை வளைத்த பிறகுதான் ஓய்ந்திருக்கும். பாதியில் நின்றதால் நிறுத்த நேரம் கிடைத்தது.

வாசலில் பக்கத்து ஆலைக்காரி கோவிந்தம்மாள் வந்து நின்றார், தலையெல்லாம் மல்லாட்டைத் தோல்.

"பாய், எங்க பெல்ட்டு பின்னால ஓடிக்கினு கீது! மேல ஏத்தன மல்லாட்ட அத்தினியும் என் தலமேல வுழுது!"

எல்லாரும் மண்ணாங்கட்டியைப் பார்த்தார்கள்.

"மூணு ஒயரும் கருப்பா இருந்துச்சுங்க," என்றார் அவர் பரிதாபமாக. "ரெண்டு எடம் மாறிப்போச்சு போல, அதான் மோட்டாரு தலகீழா சுத்துது."

முதலில் சிரித்தது கோவிந்தம்மாள்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

மண்ணாங்கட்டி ஒயர்களை மாற்றி மாட்டியதும் கலீல் பயபக்தியோடு கேட்டார்: "திருப்பியும் சுத்தணுமாம்மா?"

"பாதியிலதான் நிக்குது பாய். வேணாம்."

இந்த முறை தண்டு ஒழுங்காக ஏறியது. முழுக்க மூடித் திறந்து பார்த்த மூன்றாவது சோதனையும் இருபத்தெட்டு விநாடி. நாலரை மணி ரயில் தன் பாட்டுக்குப் போய்விட்டது.

அரங்கநாதன் அவளோடு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் கைப்பேசியில் எதையோ தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தார். மயிலம் கூட்டுரோடு தாண்டியதும், "அனுப்பிட்டேன், பாருங்க" என்று நீட்டினார். பட்டியலில் கடைசிப் பேர் இசைவாணி. அதற்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்: 'ஆய்வாளர் சொல்லியும் பொத்தானை அழுத்தவில்லை. கட்டாயம் அனுப்பவும்.'

பேர் இல்லையென்றால் அழுவதாக இருந்தவள், பேரைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.