ஏழு பேர் ஏறிய டெஸ்ட் டிரைவ்

1

இந்தக் கதை அவிநாசி சாலையில் ஒரு டயர் கடையில் பிறந்தது. காத்திருந்த நேரத்தில் மூன்று கார் பத்திரிகைகள் படித்தேன். ஒரே ஏழு சீட்டு வண்டியைப் பற்றி மூன்றிலும் ஒரே வாக்கியம்: 'வளைவுகளில் சாலையோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது.' எழுதியவனுக்கு ஓர் அக்கா இருந்தால்? உடனே ஓர் அக்காவைப் படைத்துவிட்டேன்.

(எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைக்கு வந்தது மைத்துனர் வண்டி. என்னை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'சுரேந்தர் காசுக்குப் பொய் எழுதும் கார் விமர்சகன்—'

அடித்துவிட்டேன். பாவம், அவன் பொய் எழுதவில்லை. கார் கம்பெனிக்காரர்கள் மலை விடுதியில் விருந்து வைத்துச் சாவியைக் கொடுத்தார்கள். வழுவழுப்பான ரோடு, வண்டியில் அவன் ஒருத்தன். ஒட்டிக்கொண்டுதான் ஓடியது.

நம் ஊரில் ஏழு சீட்டு வண்டியை யார் ஒற்றை ஆளாக ஓட்டுகிறார்கள் என்பதுதான் அவன் நினைவுக்கு வரவில்லை.

3

தம்பி எழுதியதைப் படித்து அக்கா லோகப்பிரியா ஷோரூமுக்கு வந்தாள். எங்கள் பக்கம் டெஸ்ட் டிரைவ் என்றால் வீடே ஏறும். ஏறியது, ஏழு பேராக; அக்கா மகள் அக்ஷிதா கடைசி வரிசையில். இடமில்லாமல் விற்பனையாளர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

சுரேந்தர்தான் ஓட்டினான். மேம்பால வளைவில் வண்டியின் பின்பக்கம் தனியாக ஓர் ஆட்டம் போட்டது.

"ஏனுங்க மாப்ள, ஒட்டிக்கிட்டு ஓடும்னு எழுதியிருந்தீங்க?" என்றார் அக்கா வீட்டுக்காரர் கிருபாசங்கர், கைப்பிடியில் தொங்கியபடி.

"ஒட்டிக்கிட்டுத்தானுங்க இருக்கறோம், ஒருத்தர் மேல ஒருத்தர்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

வண்டி நின்றதும் அவள் சிரிக்கவில்லை. "ஏங்கண்ணு, வாராவாரம் அக்ஷிதாவக் கூட்டிக்கிட்டுக் கோத்தகிரி மலை ஏறணும். எனக்கு நீ சொன்னாப் போதும். வாங்கிப்போடலாமா?"

4

முடிவு ஒன்று: "வேண்டாங்க்கா" என்கிறான். அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனைக் கூப்பிடுவதில்லை.

முடிவு இரண்டு: "நல்ல வண்டிக்கா" என்கிறான். மழைக்காலம், மலைப்பாதை, எதிரே ஒரு லாரி, அக்கா ஸ்டீயரிங்கை—

(இதை முடிக்க மாட்டேன். பின்சீட்டில் அக்ஷிதா இருக்கிறாள்.)

5

சுரேந்தர் இறங்கினான். "நீ ஓட்டுக்கா. இன்னொரு சுத்துப் போலாம்." கடைசி வரிசையில் அக்ஷிதாவின் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்து, அவள் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான்.

"மாமா, இங்க உக்காந்தா வயிறு குலுங்குது."

இவ்வளவு நல்ல விமர்சனத்தை அவன் எழுதியதில்லை.

அதே வளைவு வருகிறது. ஏறிக்கொள்ளுங்கள், தள்ளி உட்காருவார்கள். எட்டாவது ஆளுக்கு எங்கள் பக்கம் யாரும் முகம் சுளிப்பதில்லை. நீங்கள் ஏறினால் இன்னும் கொஞ்சம் ஆடும். ஆடட்டும். அக்கா பதிலுக்காகக் கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்க்கிறாள். அவன் உங்களைப் பார்க்கிறான்.

என்னைப் பார்க்காதீர்கள். எனக்கு ஓட்டத் தெரியாது.