ஈரம் காயாத விறகு

...கணுவை விட்டு ஓரத்தில் அடிக்கணும் என்று மரம் அறுக்க வந்தவர் அத்தனை தடவை சொல்லியும் மறுபடி கணுவிலேயே இறக்கிவிட்டேன், கோடாரி பாதி முழுகி நிற்கிறது, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு பிடியை ஆட்டினால் கட்டையும் சேர்ந்து ஆடுகிறது. வைரம் பாய்ந்த மரம், நின்று எரியும் என்றார். எரியட்டும், முதலில் பிளக்க வேண்டுமே. காற்றில் சாய்ந்த மரத்தை அவர் துண்டு போட்டுவிட்டுப் போனதிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இதுதான் தின்கிறது, மற்ற ஆறு நாளைத் தபால் ஆபீஸ் தின்கிறது, எனக்கென்று மிச்சம் என்ன? உள்ளே அக்கா மலைக் குளிருக்கு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். புகைபோக்கியைப் பார்த்தாலே தெரிகிறது, வெள்ளையாகக் கொட்டுகிறது புகை, போன வாரம் பிளந்த பச்சைக் கட்டையை வைத்திருக்கிறாள். காய்ந்தது தனியாக இருக்கிறது, அதை எடு என்று எத்தனை முறை சொல்வது? எல்லாம் விறகுதானேடி என்பாள். அவளுக்கு எல்லாமே அப்படித்தான், என் துண்டு, என் சீப்பு, சன்னல் ஓரத்து என் நாற்காலி... நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒற்றைப் பையோடு வந்தவள், ஏழு மாதம் ஆகிறது. எப்போது கிளம்புகிறாய் என்று கூடப்பிறந்தவளிடம் எந்த வாயால் கேட்பது, கேட்காத வாய் உள்ளுக்குள் மட்டும் ஓயாமல் முணுமுணுக்கிறது.

வெடிப்பில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறேன். காலையில் அவள் குளிக்கும்போது அத்தான் போன் செய்தார். "அவ தையல் மெஷின நான் கேக்காம வித்தது தப்புதாம்மா. வேற வாங்கி வச்சிருக்கேன். நீ சொன்னா கேப்பா, கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்." சொல்றேன் அத்தான் என்றேன். எவ்வளவு சுலபம், ஒரு வார்த்தை, சாயங்காலத்துக்குள் என் நாற்காலி எனக்கு. சாப்பிடும்போது வாயைத் திறந்தேன், உப்பு போதுமா என்றுதான் வந்தது. ஏன் அப்படி வந்தது? இன்னொரு அடி, இன்னொன்று, தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கிறது... கட்டை முனகிக்கொண்டே இரண்டாகப் போகிறது, உள்ளே சதை ஈரமாக, புளித்த வாடையோடு.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருகிறாள்.

"என்னடி இது, எரியவே மாட்டேங்குது, ஒரே புகை."

"ஈர விறகுன்னு சொன்னேன்ல."

"எப்பத்தான் காயும்?"

"ஒரு வருஷம் ஆகும். இது அடுத்த குளிருக்கு."

அவள் சுவரோரம் நான் அடுக்கியிருப்பதைப் பார்க்கிறாள், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, நிதானமாக. "இவ்வளவும் உனக்கு ஒருத்திக்கா?" நானும் அப்போதுதான் பார்க்கிறேன். போன வருஷம் என் இடுப்பளவுக்கு ஒரே வரிசை, அதிலேயே மிச்சம் இருந்தது. இப்போது இரண்டு வரிசை, தலைக்கு மேல் போய்விட்டது, இன்னும் பிளந்துகொண்டிருக்கிறேன், யார் சொல்லி? அத்தான் பேசினார் என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. "கையுறை போட்டுக்கோ, சிராய் ஏறும்" என்கிறேன், எரிச்சலாகத்தான். அவள் குனிந்து பிளந்த பாதியைத் தூக்குகிறாள். நான் அடுத்த கட்டையை நிமிர்த்தி வைக்கிறேன், யாரைக் கேட்டு இரண்டு பேருக்கு அடுக்கினேன் என்று புரியாமல்.