மொட்டைக்கு அரைத்த சந்தனம்

பூண்டிச் சாலையில் செல்வமுருகனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தப் பக்கம் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதற்கு முதல் காரணம் அதுதான். சாலை பிடித்துப்போனதெல்லாம் பிறகு. மன்னவனூரைத் தாண்டிவிட்டால் ஏற்றமும் இறக்கமுமாக, கேரட்டும் பூண்டும் போட்ட படிக்கட்டு வயல்களுக்கு நடுவே அது சுற்றிச் சுற்றிப் போகும். எப்போதாவது மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று எதிரே வரும். மற்றபடி சக்கரச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான்.

கோயம்புத்தூரில் இரவு வேலை பார்த்தவன். வெளிநாட்டுக்காரர்களின் கார்டு புகார்களைக் காதில் வாங்கிக்கொண்டு, பகலில் தூக்கம் வராமல் புரண்டு, ஒரு நாள் போகாமல் இருந்தான். மறுநாளும் போகவில்லை. ராஜினாமா என்று ஒன்று எழுதிக் கொடுக்கக்கூட இல்லை. கொடைக்கானலில் நண்பன் அஜய் குத்தகைக்கு எடுத்து நடத்தும் காட்டேஜின் பின்னறையில் வந்து ஒண்டிக்கொண்டான். வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்றால் போய்ப் பார்ப்பது, இதுதான் சோலி. பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் அப்பா பொன்னுச்சாமிக்கு மகன் இன்னும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறான்.

தை மாதம் அது. பூண்டி போய்த் திரும்பும்போது ஓர் ஏற்றத்தில் செயின் கழன்றது. சாலையை ஒட்டி ஓட்டு வீடு. வாசலில் ஓர் அம்மாள் பறித்த பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையில் இருந்த கட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். சேலையில் மண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"வாங்க சாமி. பழனிக்கா?"

அவன் போட்டிருந்தது பச்சை ஜெர்ஸி. தள்ளுபடியில் அந்த நிறம்தான் கிடைத்தது. தைப்பூசத்துக்கு முன்னால் மேல்மலைப் பையன்கள் மாலை போட்டு, பச்சை உடுத்தி, சைக்கிளிலேயே பழனிக்கு இறங்கிப் போவதுண்டு என்று அவனுக்குத் தெரியும். தை மாதம், பச்சைச் சட்டை, சைக்கிள். வேறு எந்த ஊரிலும் விளையாட்டுக்காரன் என்று நினைத்திருப்பார்கள். இங்கே சாமி.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவன் சொல்லவில்லை. சுக்குக் காப்பிக்கு ஆசைப்பட்டு அல்ல. அவனைப் பார்த்து யாரும் எழுந்து நின்று வெகுநாள் ஆகியிருந்தது.

"ஆமாங்க," என்றான்.

சோலையம்மாள் என்று பேர் சொன்னாள். காப்பி கொடுத்தாள். செயினை மாட்டும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"மொட்டை உண்டா சாமி?"

"உண்டு."

இந்த இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கையில் மஞ்சள் தோய்த்த துணியில் சின்ன முடிச்சு.

"எங்க வீட்டுக்காரரு முடிங்க. கந்தவேலுன்னு பேரு. ஒரு பக்கம் இழுத்து, பேச்சு மூச்சில்லாமக் கெடந்தாரு. எந்திரிச்சு உக்காந்தா உனக்கு முடி தாரேன்னு முருகன்கிட்ட சொல்லியிருந்தேன். உக்காந்துட்டாரு. அவரக் கூட்டிட்டு அம்புட்டு தூரம் போக முடியல. எனக்கும் பஸ்ஸுல திருப்பத்துக்குத் திருப்பம் வாந்தி. உங்க முடி எறக்கையில இதையும் சேத்துப் போட்டுருங்க சாமி. முடி போய்ச் சேந்துட்டா நடந்துருவாரு."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அடிவாரத்தில் வளர்ந்தவன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி மலையேறுகிறவர்களைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன். என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கவில்லை.

"வரும்போது இப்பிடித்தான வருவீங்க? வந்து ஒரு எட்டு நின்னுட்டுப் போங்க," என்றாள்.

முடிச்சை ஜெர்ஸியின் முதுகுப் பையில் வைத்தான். அப்பாவுக்கு யார் மூலமாவது கொடுத்துவிடலாம் என்று யோசித்தபடி ஓட்டினான். கொடைக்கானல் வந்தபோது அசதி. ஜெர்ஸியைக் கழற்றி மூலையில் போட்டுப் படுத்தான்.

மறுநாள் அஜய் கதவைத் தட்டினான்.

"டேய் செல்வா, என்னடா பண்ணி வெச்சிருக்க? பாவம்னு உன் ஜெர்ஸியையும் பெட்ஷீட்டோட மிஷின்ல போட்டேன். ஒயிட் பெட்ஷீட் ஃபுல்லா மஞ்சள். ஃபில்டர்ல யாரோ தாத்தா முடி. கெஸ்ட் வர்ற டைம்டா. மேட்டர் என்ன, மாந்திரீகம் கீந்திரீகமா?"

"தெரியலையே," என்றான் செல்வமுருகன்.

அஜய் போனதும் வடிகட்டியைத் திறந்து பார்த்தான். ஈரமாக ஓர் உருண்டை. கறுப்பும் நரையும், நீளமும் குட்டையும். எது கந்தவேலுடையது, எது தேனிலவுக்கு வந்து போனவர்களுடையது என்று பிரிக்க முடியவில்லை. குப்பைத்தொட்டியில் போட்டான். போட்ட கையை வெகுநேரம் கழுவினான்.

அதோடு விட்டிருக்கலாம். கொடைக்கானலைச் சுற்றி வேறு சாலையா இல்லை? ஆனால் எந்தப் பக்கம் ஓட்டினாலும், அந்த அம்மாள் பச்சைச் சட்டையை எதிர்பார்த்துச் சாலையைப் பார்ப்பது கண்ணில் நின்றது. ஒரு சலூனில் போய் உட்கார்ந்தும் பார்த்தான். மொட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாப் பொய்யும் சொன்னவனுக்கு, மலைக்குக் கொடுக்காமல் தலையை வழிப்பதற்கு மட்டும் பயமாக இருந்தது. தாடியை மட்டும் வழித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். முன்பு ஊருக்குப் போயிருந்தபோது கடையிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்த பஞ்சாமிர்த டப்பாவும் திருநீற்றுப் பொட்டலமும் அலமாரியில் இருந்தன. மலையேறாத சரக்கு. அதைக் கொண்டுபோவது, ஹெல்மெட்டைக் கழற்றாமல், சைக்கிளைவிட்டு இறங்காமல் பிரசாதம் என்று கொடுப்பது, வெரசாக வந்துவிடுவது.

போனான். பூசம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. வாசலில் நாற்காலி போட்டுக் கந்தவேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதிதான் அசைந்தது. இடது காதுக்கு மேலே, முடி வெட்டி எடுத்த இடம் வழித்தது போலத் தெரிந்தது.

"இந்தா, உன் சாமி வந்துட்டாரு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

சோலையம்மாள் ஓடி வந்தாள். டப்பாவையும் பொட்டலத்தையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமி, செத்த இருங்க. மொட்டத் தலைக்குச் சந்தனம் வைக்காம அனுப்புனா எனக்கு ஆகாது. இந்தா, அரைச்சுட்டு வந்துருதேன்."

"இல்லைங்க, நேரமாச்சு..."

அவள் உள்ளே போய்விட்டாள். கல்லில் சந்தனக் கட்டை உரசும் சத்தம் கேட்டது. செல்வமுருகன் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் பெடலிலும் வைத்து நின்றான். சைக்கிள் இறக்கத்தைப் பார்த்து நின்றது. மிதிக்கக்கூட வேண்டாம், காலை எடுத்தால் போதும்.

"வெயில்ல தொப்பி எதுக்கு, கழட்டுங்களேன்," என்றார் கந்தவேல். "மொட்டையில காத்துப் படட்டும்."

உள்ளே சத்தம் நிற்கவில்லை. கனமாக, ஒரே சீராக உரசிக்கொண்டிருந்தாள். நிறைய அரைக்கிறாள் போல. முழுத் தலைக்கும்.

செல்வமுருகன் கழுத்து வாரை அவிழ்த்தான். ஹெல்மெட்டை எடுத்தான். வேர்வையில் ஒட்டிய முடி நெற்றியில் விழுந்தது.

கந்தவேல் பார்த்தார். அசையும் பாதி முகமும் அசையாமல் இருந்தது.

"அப்ப என் முடி?"

"துவைக்கிற மிஷின்ல போயிருச்சுங்க. தெரியாம... நான் பழனிக்கே போகலைங்க."

அவர் நல்ல கையால் வராத கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, "ஏய், அரைச்சது போதும், நிறுத்து," என்றார்.

சத்தம் நின்றது. சோலையம்மாள் வலது உள்ளங்கை நிறையச் சந்தனத்தோடு வாசலுக்கு வந்தாள். அவன் தலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"அன்னைக்கே சன்னல்ல பாத்துட்டுச் சொன்னேன்ல," என்றார் கந்தவேல். "கழுத்துல மாலையக் காணோம். கால்ல பூட்ஸு. மாலை போட்டவன் எவன்டி பூட்ஸு போடுவான்னு கேட்டேன். நீதான் குளுருக்குப் போட்டிருப்பாருன்ன."

சந்தனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு கந்தவேலின் சட்டையை விலக்கி, நெஞ்சிலும் அந்த வராத கையிலும் தோள் முதல் மணிக்கட்டுவரை பூசினாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். மிச்சத்தை நாற்காலிக் காலில் தடவித் துடைத்தாள்.

"அந்தப் பிரசாதம்?" என்றாள்.

"கடையில விக்கிறதுங்க. அடிவாரத்துல எங்க அப்பா கடை."

"பழனிக்காரனா நீ," என்றார் கந்தவேல். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "அந்த ஊருலயே பெறந்துருக்க."

அவள் டப்பாவையும் பொட்டலத்தையும் எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். உள்ளே போய்க் கத்தரிக்கோலும் இன்னொரு மஞ்சள் துணியும் கொண்டுவந்தாள். கந்தவேலின் தலையைச் சாய்த்துப் பிடித்து, மறுபக்கக் காதுக்கு மேலே வெட்டினாள்.

"நாளைக்கு வெள்ளனே பஸ்ஸுக்கு நானே போறேன்," என்றாள்.

"வாந்தி வருமேடி. எறங்குற வரைக்கும் சன்னலுக்கு வெளிய தலைய வச்சிட்டுல்ல போகணும்."

"வந்துட்டுப் போகுது. இனிமே எவன் கையிலயும் குடுக்கமாட்டேன்."

நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல செல்வமுருகன் வாயைத் திறந்தான். அந்த வாயில் இனி எது வந்தாலும் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரிந்தது. மூடிக்கொண்டான்.

அவள் முடியை முடிந்து இடுப்பில் செருகினாள். செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். போன தடவை காப்பியைக் கையில் கொடுத்தவள், இப்போது செம்பை வாசல் கல்லின்மேல் வைத்தாள்.

"குடிச்சிட்டு அங்கனயே வச்சிரு தம்பி. ஏத்தம் இருக்கு போற வழியில."

சாமி இல்லை. குரலில் கோபமும் இல்லை. வழியில் போகிற எவனுக்கும் கொடுக்கும் தண்ணீர். அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டுக் கட்டை எடுத்தாள்.

அவன் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செம்பை எடுத்துக் குடித்தான். தண்ணீர் பல் கூசும் குளிர். முழுவதையும் குடித்தான். செம்பை எடுத்த இடத்திலேயே வைத்தான். கந்தவேல் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பூசிய சந்தனம் அதற்குள் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.