கைதட்டியவள்

பாலத்தின் முனையில் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் பஸ்ஸை ஓட்டி வந்த அவர் வழக்கம்போல வெகு தூரத்திலேயே பிரேக்கில் காலை வைத்துவிட்டார். டிப்போவில் அவருக்குப் பெயரே பிரேக்குதான். எறும்பு குறுக்கே போனாலும் வண்டியை நிறுத்தி வழிவிடுவார் என்று கிண்டல் செய்வார்கள். அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய கண்டக்டர். கண்டக்டருக்கும் ஒரு பெயர் உண்டு, சில்லறை. யார் நோட்டை நீட்டினாலும் இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, இறங்கும் நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே வண்டியில் ஓடி ஓடி, வீட்டில் மனைவியோடு பேசியதைவிட ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசியிருந்தார்கள்.

கூட்டம் எதற்கு என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் அந்த பஸ் பாலத்தைத் தாண்டி, தொழிற்சாலை ஆட்கள் வசிக்கும் குடியிருப்புக்குள் போய்த் திரும்பும். அவர் வீடும் அங்கேதான். உள்ளே சாலை குறுகல், வசூலும் போதவில்லை என்று சொல்லி ஒருநாள் தடத்தைப் பாலத்தோடு வெட்டிவிட்டார்கள். அதே மாதம் பாலத்துக்கு மறுபக்கம் எழும்பிய கண்ணாடி அடுக்குமாடிகளுக்குக் குளிர்சாதன பஸ்கள் வந்தன. வீட்டுக்கு வீடு கார் இருக்கிற அந்தத் தெருக்களில் அவை பெரும்பாலும் காலியாகவே சுற்றின. பாலத்தில் இறங்கியவர்கள் லாரிகள் உரசிக்கொண்டு போகிற நெடுஞ்சாலையின் ஓரத்தில், நடைபாதை என்று ஒன்று இல்லாத இடத்தில், வரிசையாக நடந்து வீடு சேர்ந்தார்கள். அவர் மனு எழுதினார். ஊழியர் என்ற முறையில் ஒன்று, குடியிருப்பவர் என்ற முறையில் ஒன்று. பதில் வராததால் மறுபடியும் எழுதினார். முந்தின நாள் மாலை, அவர் மனைவியோடு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற பெண்ணை அந்த ஓரத்தில் ஒரு லாரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. லாரி நிற்கவில்லை. அவளைப் பாலத்தில் இறக்கிவிட்டது அவருடைய வண்டிதான்.

கூட்டம் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. "டிரைவரண்ணே, நீங்க இறங்குங்க. உங்க மேல ஒண்ணுமில்ல" என்று யாரோ சொன்னார்கள். பயணிகளை இறங்கவிட்டார்கள். ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கூட இறக்கினார்கள். குடியிருப்பு வாசலில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் உள்ளே ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எட்டி, அவருடைய சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வந்து கையில் கொடுத்தார். பிறகு எங்கிருந்தோ பெட்ரோல் வந்தது. முகத்தில் துண்டைச் சுற்றிய ஒருவன் முன்கதவுப் பக்கம் குனிந்தான். அவர் டப்பாவைப் பிடித்தபடி சாலையோரம் நின்றார். தன் வண்டியின் இருக்கைகள் இவ்வளவு சீக்கிரம் எரியும் என்று அவர் நினைத்ததே இல்லை. பின்னால் கைதட்டுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை.

அப்போதுதான் கண்டக்டர் ஓடினார். "கடைசி சீட்டுல ஆளு" என்று கத்திக்கொண்டே பின்கதவு வழியாக ஏறினார். கைதட்டல் நின்றது. துண்டு கட்டியவன்கூட ஓரடி முன்னால் வந்தான். வெளியே வந்தபோது கண்டக்டர் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார், யாருக்கோ எதையோ கொடுக்கப் போகிறவர் மாதிரி. உள்ளே யாரும் இல்லை.

டிப்போவில் டிரைவரைச் சில நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வீட்டில் இருப்பது அவருக்கு வரவில்லை. உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. எழுந்து வாசலுக்குப் போனார், தெருமுனைக்குப் போனார், பஞ்சர் கடைவரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினார். மனைவி தொழிற்சாலையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, இறந்தவள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்தாள். பஸ் எரிந்த நேரத்திலும் அங்கேதான் இருந்ததாகச் சொல்லியிருந்தாள்.

போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டபோது கையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் மிரட்டுகிற ஆள் இல்லை. தூக்கமில்லாத கண்களோடு கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். யாரோ மாடியிலிருந்து கைபேசியில் எடுத்த வீடியோப் படம். பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில், சோறு கொண்டுபோகும் மஞ்சள் வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே கைகளைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் துண்டு கட்டியவன். சட்டையில் நெருப்புப் பொறி பட்டுப் பொத்தலான இடங்கள் தெரிந்தன. வெல்டிங் வேலை செய்கிறவன் சட்டை அது. இடது தோளைச் சற்றே இறக்கி நடக்கிற நடையும் அவருக்குத் தெரியும். தன் மச்சினனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, நேராக நட என்று அந்தத் தோளில் தட்டியவரே அவர்தான்.

யாரையாவது தெரிகிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியவில்லை என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு முறை தெரியவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர் கோபப்படவில்லை. பார்த்தேன் என்று மட்டும் சொன்னார். எதை என்று அவள் கேட்கவில்லை. மச்சினனும் அப்போது அங்கே இருந்தான். அன்று காலைதான் அதிகாரிகள் வந்து, வாரம் பிறந்ததும் பஸ் பழையபடி குடியிருப்புக்குள் வரும் என்று அறிவித்துவிட்டுப் போயிருந்தார்கள். தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. மச்சினன் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு பேச முயன்றான், முடியவில்லை. நாம் கெஞ்சியபோது குறுகலாக இருந்த சாலை ஒரே வாரத்தில் எப்படி அகலமானது என்று கேட்டான். பஸ் நம்முடையது, அதில் போகிறவர்களும் நாம்தான், எரிக்க வேண்டுமென்றால் வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று மட்டும் கேட்டார்.

மனைவி அரிசியைக் களைந்துகொண்டே பேசினாள். "உங்க மனுவ எவன் படிச்சான்? அவ செத்தத எந்தப் பேப்பர்ல போட்டான்? பஸ்ஸு எரிஞ்சதத்தான் பாத்தாங்க. எங்களுக்கு மட்டும் அத எரிக்கணும்னு ஆசையா?"

"கண்டக்டர் அண்ணன் கை?" என்றார் அவர்.

அவள் களைந்த அரிசியை மறுபடியும் களைந்தாள். மச்சினன், அது யாரும் நினைத்துச் செய்ததில்லை என்றான். நினைத்துச் செய்யாததெல்லாம் நடக்காததாகிவிடுமா என்று கேட்க அவருக்கு வாய்வரை வந்தது. நினைத்துச் செய்யவில்லை என்றுதான் அந்த லாரிக்காரனும் சொல்வான் என்று தோன்றவே விட்டுவிட்டார். உண்மையில் அவருக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. மனைவி சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. இருந்தும் அந்தக் கைதட்டல் அவர் காதை விட்டுப் போகவில்லை. தானும் அன்று சும்மாதானே நின்றோம், ஓடிப்போய்த் தடுக்கவில்லையே, உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் எரியட்டும் என்றிருந்ததா என்று யோசித்தார். இருந்தது. அதுதான் அவரை எங்கும் உட்காரவிடாமல் அடித்தது.

மறுநாள் பஞ்சர் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டத்தில் முகத்தை மூடாமல் இருந்தவர்களில், பஸ்ஸுக்குள் ஏறி இறங்கியது படத்தில் தெளிவாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மறைத்தவனெல்லாம் வெளியே, மறைக்கத் தோன்றாதவன் உள்ளே என்று தெரு முணுமுணுத்தது. சாயங்காலம் அவர் மச்சினன் வீட்டுக்குப் போனார். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் அவரைப் பார்த்தான்.

"நான் போய் நின்னா இதுங்கள யாரு பாப்பா மாமா?" என்று உள்ளே விளையாடும் பிள்ளைகளைக் காட்டினான். "அவரு மேல எதுவும் நிக்காது. விட்ருவாங்க."

"விடலன்னா?"

அவன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவர் ஏற்கனவே தனியாகப் போய் வந்திருந்தார். இந்த முறை மனைவியும் வருவேன் என்றாள். கண்டக்டருக்கு இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டு. விரல்கள் மடங்குமா என்று கட்டு பிரித்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்டக்டரின் மனைவி ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கண்டக்டர் முகம் மலர்ந்தது.

"வா பிரேக்கு. கடைசி சீட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா? துணி மூட்டை. எவளோ தொழிற்சாலைத் துணிய விட்டுட்டு இறங்கியிருக்கா. நான் ஆளுன்னு நெனச்சிட்டேன்." சிரிக்கப் பார்த்து இருமினார். முந்தின தடவையும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். பிறகு, வண்டி இனிமேல் குடியிருப்புக்குள் போகிறதாமே என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். நல்லதுதான், ரொம்ப நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, மூக்கு அரிக்கிறது என்று மனைவியைப் பார்த்தார். அவள் சொரிந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் மேலே என்றார்.

அப்புறம் கட்டிலின் கால்மாட்டில் நின்றவளைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, அன்னைக்கு நீ அங்க இல்லாதது நல்லதாப் போச்சு. பாத்திருந்தா தாங்கியிருக்க மாட்டே."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று இவர் காத்திருந்தார். அவள் ஸ்பூனை வாங்கி, மிச்சக் கஞ்சியை அவளே ஊட்டிவிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் ஊதி ஊதி, ஆறிப்போன கஞ்சியைக்கூட ஊதி.

இருவரும் பஸ்ஸிலேயே திரும்பினார்கள். பாலத்தில் இறங்கியதும், இவர் எப்போதும் போலச் சாலைப்பக்கம் தான் நடந்து அவளை உள்பக்கம் விட்டார். பாதி வழியில், அன்று கைதட்டியபோது என்ன தோன்றியது என்று கேட்டார். அவள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போய், "அவர் உள்ள ஏறுற வரைக்கும்" என்றாள்.

காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு அவர் போலீஸ் நிலையத்துக்குப் போனார். பஞ்சர் கடைக்காரர் வண்டிக்குள் ஏறியது என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் தரத்தான், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அவர் பத்த வைக்கலன்னு உங்களுக்கு நல்லாத் தெரியுது. அப்ப பத்த வச்சது யாருன்னும் தெரிஞ்சிருக்கணும்ல?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தார். பஸ் கொளுத்தியதற்கு யாராவது ஒருவர் உள்ளே போயாக வேண்டும், மேலிடம் அதைத்தான் கேட்கிறது என்றார் இன்ஸ்பெக்டர். தன் அம்மாவும் அந்தப் பாலத்தில் இறங்கி நடந்தவள்தான் என்று எதற்கோ சேர்த்துச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், சுவர்வரை நடந்தார், திரும்ப உட்கார்ந்தார். உள்ளறையின் கம்பிகளுக்குப் பின்னால் பஞ்சர் கடைக்காரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவர் இவரைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரியும் இருந்தது, வேண்டாம் என்கிற மாதிரியும் இருந்தது.

மதியம் தாண்டி மனைவி வந்தாள். இஸ்திரி மேஜையின் நீராவி ஈரம் சட்டைக் கையில் காயாமல் இருந்தது. பாதி வேலையில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் இங்கேதான் இருப்பார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரையை அழுத்திக்கொண்டே இருந்த அவர் முழங்காலின் மேல் கையை வைத்தாள். கால் நின்றது.

பிறகு எழுந்து நேராக உள்ளே போனாள். அவரும் பின்னால் போனார். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். இன்ஸ்பெக்டர் அவளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திரையைத் திருப்பி ஓடவிட்டார். சத்தம் இல்லாத படத்தில் பஸ் எரிந்தது. கைகள் எழுந்து எழுந்து தட்டின. "நிறுத்துங்க" என்றாள். படம் நின்றது.

அவள் குனிந்து, மஞ்சள் வாளிக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கும் உருவத்தின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"இது நான்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டார். நகத்தளவு தூரத்தில், துண்டுக்கு மேலே இரண்டு கண்கள் திரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவள் விரல் அங்கேயே இருந்தது. அழுத்தி அழுத்தி, விரல்நுனியைச் சுற்றித் திரையில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் விரிந்துகொண்டிருந்தது.