செங்கம்மாள் கூப்பிட்ட வண்டி

அம்மாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் மேகலா. இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. அம்மா செங்கம்மாளின் உடம்பில் சதை என்று மிச்சமிருந்தது வீங்கிய அந்தப் பாதங்களில்தான். முடிச்சு நிற்காமல் வழுக்கியது. போன் மறுபடி அதிர்ந்தபோது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வேன் டிரைவர் ஹிந்தியில் பேசினான். சந்து முனையில் நிற்கிறானாம். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் யாரோ பந்தல் போட்டிருக்கிறார்களாம். கல்யாணமா, எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டான்.

"கல்யாணம் இல்ல அண்ணா," என்றாள் மேகலா, அவளும் ஹிந்தியிலேயே. "எங்கம்மா காலைல போயிட்டாங்க. நீங்க அங்கயே இருங்க. திரும்பிப் போயிடாதீங்க."

சொன்ன பிறகுதான், அம்மா வண்டியை வரச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான் என்பதே அவளுக்கு உறைத்தது. முடிச்சை இறுக்கி, ஐஸ் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்தாள்.

டில்லியில் பெரிய சாக்கடைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்தது அந்தக் குடியிருப்பு. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் பாதிக்கு மேல். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள், பெண்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்களில் பாத்திரம் தேய்த்தார்கள். செங்கம்மாளும் அப்படித் தேய்த்தவள்தான். இடுப்பு வலி என்றாள், கெட்ட நாற்றத்தோடு வெள்ளை படுகிறது என்றாள், தீட்டு நின்ற பிறகும் ரத்தம் போகிறது என்றாள். தெருமுனை டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் வேலை செய்த வீட்டுச் சமையலறையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜனக்புரியில் ஒன்று, நொய்டா பக்கம் ஒன்று என்று டில்லியைச் சுற்றி நாலைந்து கிளைகள் உள்ள ஆஸ்பத்திரி அது. கருப்பை வாயில் புற்றுநோய், பரவிவிட்டது என்றார்கள். கரண்ட் என்று கதிர்வீச்சு வைத்தார்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று ஆனதும், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள நர்ஸை வீட்டுக்கே அனுப்பினார்கள்.

அந்த நர்ஸ் சுபாஷிணி. கிட்வாய் நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குமாஸ்தா வீட்டுப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் பாதியில் ஹிந்திக்குப் போய்விடுவாள். வாரா வாரம் வந்து புண்ணைக் கழுவி, மாத்திரை அளவைக் கூட்டிக் குறைத்து, செங்கம்மாளின் தலையைக்கூட வாரிவிட்டுப் போவாள். ஒருநாள் பேச்சுவாக்கில், இப்போது புதுசாக ஒரு சோதனை வந்திருக்கிறது, பெண்கள் தாங்களே ஒரு பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கொடுத்துவிடலாம், டாக்டர்கூடப் பார்க்க வேண்டாம், வேனிலேயே மெஷின் இருக்கிறது, ஆரம்பத்திலேயே ஏதாவது தெரிந்தால் சூடு வைத்து அங்கேயே சரிபண்ணிவிடலாம் என்று சொன்னாள்.

செங்கம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒரு குச்சியா?" என்றாள். "ஒரு குச்சில தெரிஞ்சிருக்குமா எனக்கு?"

"முன்னாடியே எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும், ஆன்ட்டி."

"அப்ப அந்த வண்டி எங்க சந்துக்கு ஏன் வரல?"

"இந்தப் பக்கம் ரூட் இல்ல, ஆன்ட்டி."

புற்றுநோய் என்று சொன்ன அன்று அழாதவள் அன்றைக்கு அழுதாள். துக்கத்தில் அழுதவள் மாதிரி தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்த மேகலாவிடம், "அந்த வண்டிய அனுப்புற டாக்டர் ரூமுக்கு வுடு," என்றாள். உள்ளே போய், ரூட் போடாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை தருகிறோம் என்றபோது அதையும் ஏற்கவில்லை. "வெள்ளிக்கிழமை வந்தா யாரு இருப்பா? எல்லாருமே ஊரான் வீட்டுப் பாத்திரத்துல கைய வச்சிக்கினு இருப்பாளுங்க. ஞாயித்துக்கிழம மத்தியானம் வாங்க."

தேதி கிடைத்ததும் மேகலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். போன இடத்தில் எல்லாம் நோயின் பெயரை உரக்கச் சொன்னாள். தின்பண்டம் கொறித்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். கொழுந்தன் செல்வராஜ் மட்டும் முகம் சிவந்து, "ஆம்பளைங்க இருக்கிற எடத்துல இன்னா பேச்சு அண்ணி இது," என்றான். "ஆம்பளைங்க எல்லாம் எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டாள் செங்கம்மாள். அதற்குப் பிறகு செல்வராஜ் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இன்று காலைதான் ஏறினான். பந்தலும் ஐஸ் பெட்டியும் அவன் ஏற்பாடு.

மேகலா சந்துக்கு வந்தபோது சித்தப்பா செல்வராஜ் வேனின் முன்னால் நின்று கையை வீசி டிரைவரைப் பின்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தான். சுபாஷிணி இறங்கி நின்றிருந்தாள்.

"ஃபோன் பண்ணியிருக்கலாமே, மேகலா," என்றாள் அவள். "வேற சிஸ்டரத்தான் அனுப்புறதா இருந்தாங்க, நான்தான் இன்னைக்கு நானே போறேன்னு... அச்சா, விடு. நாங்க அடுத்த வாரம் வர்றோம். பக்கா."

"அடுத்த வாரம் வேணாம்க்கா. இன்னிக்கே நடக்கட்டும்."

செல்வராஜ் திரும்பினான். "இன்னாது நடக்கட்டும்? பொணத்த நடுவூட்ல வச்சிக்கினு பொம்பளைங்க வண்டிக்குள்ள போய் துணியத் தூக்கப் போறாளுங்களா? ஊர்ல இன்னா பேசுவான்?"

"மாமா ஜெய்ப்பூர்லேருந்து வந்து சேரவே சாயங்காலம் ஆவும், சித்தப்பா. அதுவரைக்கும் எல்லாரும் சும்மாத்தான உக்காந்திருக்கப் போறாங்க."

"பொறந்த வூட்டுக் கோடி வர்ற வரைக்கும் அழுவறதுக்கு உக்காருவாங்க. அதுக்குப் பேரு சும்மாவா?"

மேகலா சுபாஷிணியின் பக்கம் திரும்பினாள். "அடுத்த வாரம் வந்தீங்கன்னா தெருவுல தீட்டுன்னுவாங்க. அதுக்கடுத்த வாரம் காரியம்னுவாங்க. அப்புறம் அந்த வண்டி வந்தன்னிக்குத்தான் செங்கம்மா செத்தான்னு ஒருத்தி சொல்லுவா. அவ்ளோதான். ஒருத்தியும் ஏற மாட்டா. எங்கம்மா செத்ததே சாக்காப் பூடும்க்கா."

"வண்டி உள்ள வராது," என்றான் செல்வராஜ். "பந்தல் நான் போட்டது."

வாசலில் கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவிகூட மூக்கைச் சிந்திவிட்டுக் கவனித்தாள்.

மேகலாவின் அப்பா சேட்டு, வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் விடிந்ததிலிருந்து குனிந்தே உட்கார்ந்திருந்தார். கொத்தனார் வேலை பார்த்துக் காய்ப்பேறிய கைகள் முட்டியின் மேல் கிடந்தன. அவர் எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்க முடியாது என்பது புரியாதவர் போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். அடுத்ததையும் வைத்தார். பந்தலின் முன்கால் மூங்கில் பக்கம் போய் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அண்ணே," என்றான் செல்வராஜ்.

சேட்டு திரும்பவில்லை. கயிறு புதுசு, முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். மூங்கிலைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு நான்கு அடி பின்னால் நகர்த்தி ஊன்றினார். பந்தல் துணி நடுவில் தொய்ந்து தொங்கியது. டிரைவரைப் பார்த்து, வா என்று கையை அசைத்தார்.

வேன் பின்பக்கமாக, பீப் பீப் என்று கத்திக்கொண்டு சந்துக்குள் வந்தது. வீட்டு வாசலுக்கு எதிரே, தொய்ந்த பந்தலுக்கு வெளியே நின்றது. உதவியாள் பின்கதவைத் திறந்து இரும்புப் படியை இறக்கினாள். சுபாஷிணி முதலில் வீட்டுக்குள் போய் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள்.

யாரும் அசையவில்லை. செங்கம்மாள் கூட்டி வைத்திருந்த பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். தரையைப் பார்த்தார்கள், ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். செல்வராஜ் மார்பில் கைகட்டி நின்றான். அவன் முகத்தில், பார்த்தாயா என்ற மாதிரி ஒன்று இருந்தது.

மேகலா தலைமாட்டில் எரிந்த விளக்குக்கு எண்ணெய் விட்டாள். திரியைத் தூண்டினாள். பிறகு அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். பெற்றவள் பிணமாகக் கிடக்கும்போது மகள் கூந்தலை முடியக் கூடாது. கிழவி ஒருத்தி, "அடியே," என்றாள். மேகலா வாசலைத் தாண்டி, சித்தப்பாவைத் தாண்டி, வேனின் படியில் ஏறினாள்.

உள்ளே மருந்து வாசனை. திரைக்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு பெஞ்சும் ஒரு ஆள் நிற்க இடமும். சுபாஷிணி குச்சியைக் கொடுத்து எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். மெல்லிய தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி மறுபடி தொடங்கியிருந்தது. பாத்திரம் தேய்ச்ச கையே, பல வீடு மினுக்கின கையே என்று அந்தக் கிழவிதான் இழுத்துப் பாடினாள். மேகலா குச்சியைப் பிடித்தபடி அதைக் கேட்டாள். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தாள். பாட்டு முடியவில்லை. அப்படியே எடுத்து, குழாயில் போட்டு, மூடியைத் திருகிக் கொடுத்தாள்.

"வலிச்சுதா?" என்றாள் சுபாஷிணி.

"இல்லக்கா. ஒண்ணுமே இல்ல." பிறகு, "இவ்ளோதானா?" என்றாள்.

சுபாஷிணி குழாயில் அவள் பெயரை எழுதி ஒட்டினாள்.

கதவைத் திறந்தபோது படிக்குக் கீழே சித்தி கனிமொழி நின்றிருந்தாள். செல்வராஜின் மனைவி. முந்தானையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தாள். செங்கம்மாளின் படுக்கையோரத்தில் ஒரு மத்தியானம் அவள் காதோடு காதாக எதையோ சொல்லி அழுததை மேகலா பார்த்திருக்கிறாள். அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் தினமும் ஒரு தடவையாவது, கனி வருவாளா, வண்டிக்கு வருவாளா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நேற்றுகூட.

"ஏய்," என்றான் செல்வராஜ். "கனி. எங்க போற?"

கனிமொழி நின்றாள். திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் பத்து மாசமா ரத்தம் போவுது. உங்களாண்ட சொன்னேன். சூடுன்னீங்க. எளநி வாங்கியாந்து குடுத்தீங்க."

சந்தில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. செல்வராஜின் கட்டிய கைகள் தாமாகவே இறங்கின. கனிமொழி மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பெண் எழுந்து புடவையை உதறினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தாமலேயே வரிசையில் வந்து நின்றார்கள்.

கனிமொழி வெளியே வர நேரமானது. சுபாஷிணி அவளைப் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறாள். இங்கே வைத்துச் செய்கிற விஷயமில்லை, நாளைக்கே ஜனக்புரி ஆஸ்பத்திரிக்கு வரணும், சதை எடுத்துப் பார்க்கணும் என்றாள். "ஆன்ட்டி மாதிரி லேட் இல்லன்னு தோணுது. ஆனா நாளைக்கு. ஜல்தி. அப்புறம்னு சொல்லக் கூடாது." கனிமொழி தலையாட்டினாள். இறங்கி வந்து செங்கம்மாளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் சாவுக்கு வந்தவள் மாதிரி அழத் தொடங்கினாள்.

மாமா ரவிக்குமார் வெயில் சாயும்போது வந்து சேர்ந்தார். கோடிப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தவர் வேனையும் வரிசையையும் பார்த்து வாசலில் திகைத்து நின்றார்.

"இன்னாம்மா இது?"

"அம்மா வரச் சொன்ன வண்டி, மாமா. நீங்க உள்ள வாங்க."

குளிப்பாட்டினார்கள். கோடி போர்த்தினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பாடையில் படுக்கவைத்தபோது செங்கம்மாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அளவுக்குத்தான் இருந்தாள். சேட்டு தீச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். பாடையின் முன்பக்கத்துக்குச் செல்வராஜ் வந்தான். தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டே, மேகலாவைப் பார்க்காமல் கேட்டான்.

"நாளைக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க?"

மேகலா அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தது எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சித்தியாண்டயே கேளு, சித்தப்பா," என்றாள். "அவங்களுக்குத் தெரியும்."

அவன் குனிந்து மூங்கிலைப் பிடித்தான்.

வேன் பாதிச் சந்தை அடைத்துக்கொண்டு நின்றதால் பாடையைச் சாய்க்காமல் கொண்டுபோக ஆண்கள் பக்கவாட்டில் நடந்தார்கள். வரிசையில் நின்ற பெண்கள் வண்டியோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள். ஒருத்தி கை நீட்டிக் கோடிப் புடவையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பறைச் சத்தம் சாக்கடைப் பாலத்தைத் தாண்டித் தேய்ந்து போனது.

"எல்லாரும் போய்த் தலை முழுவுங்கடி," என்றாள் ஒப்பாரிக் கிழவி.

"முடிச்சிட்டு முழுவுறோம்," என்றாள் வரிசையில் யாரோ.

மேகலா உள்ளே போய் உடம்பு கிடந்த இடத்தைக் கழுவினாள். கட்டில் கிடந்த மூலையையும் கழுவினாள். தண்ணீரை வாசல் வழியே துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வந்தாள். உதிர்ந்த பூவும் மஞ்சள் அரிசியும் அதில் மிதந்து வந்து, படியிறங்கி, வேனின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடின. பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்து, ஈரத்தில் நின்றார்கள். வண்டியின் கதவு திறந்தது. வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.